ஹாலின் நடுவே ஒரு மரப்பாதை

மரப்பலகை போதாமல் போனதால்தான் மீதி ஹாலுக்கு டைல் ஒட்டினேன் என்று நம் தெருவில் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. பலகை போதாமல் போகவில்லை, மிஞ்சியது. மிஞ்சியதில் ஒரு முக்காலி செய்து அதன்மேல் மருந்து டப்பாவை வைத்திருக்கிறேன். நம்பாதவர்களுக்கு முக்காலியைக் கவிழ்த்து, இதுவும் அதே மரம்தான் என்று காட்டியும் இருக்கிறேன். தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்கள். வாசலைத் தாண்டியதும் மறுபடி அதையே சொல்கிறார்கள்.

உனக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தத் தரை யாருக்காக, எதற்காக என்று நம் இருவருக்கும் தெரியும். எனக்கு முழுதாகத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு முன்பே ஆட்டம் கண்டிருந்தது, இன்று காலையில் அதற்கு விடை சொல்ல வேண்டியதாகிவிட்டது.

உன்னை அத்தம்மா என்று கூப்பிடும் அடுத்த வீட்டு தேவி இரண்டு டைல்களைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். அவளுடைய மாமியாருக்குச் சர்க்கரையால் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது, உனக்கு வந்ததைப் போலவே. "ஆன்ட்டி, ஒங்க வூட்ல அத்தம்மாவுக்கு போட்ட மாறியே எங்க வூட்லயும் போட்டுடலாம்னு கீறோம். கைய புட்சா கெயவி கத்துது. எந்த டைலு நல்லாக்கீதுன்னு நீங்களே சொல்லிடுங்கோ. ஞாயித்துக்கெழம மேஸ்திரி அளவெடுக்க வர்றாரு" என்றாள்.

டைல் விஷயத்தில் எனக்கு யோசிக்க எதுவுமில்லை. இரண்டையும் முகத்தோடு முகம் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். நடுவில் ஒரு கோடு வெளிச்சம் வந்தது. வளைந்த டைல். ஒன்றைத் திருப்பிப் போட்டு முதுகில் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டேன். ஊற்றியதைக் குடித்துவிட்டது. "இது வேண்டாம். வேறு கடைக்குப் போ" என்றேன். தேவி சரி என்றாள். பிறகு நம் ஹாலின் மரப்பாதையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "மெய்யாலுமே அத்தம்மாவுக்கு இது கால்ல தெரிஞ்சுதா ஆன்ட்டி?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லவில்லை. "ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்கிறேன்" என்று அனுப்பிவிட்டேன். நான் பதில் தள்ளிவைத்து அவள் பார்த்ததில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

உன் அண்ணனைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தபோது உன் குரலைத்தான் முதலில் கேட்டேன். காசிமேட்டில் மீன் ஏலம் விட்டுவிட்டு வந்து, அதே சுருதியில் "அண்ணி, தண்ணி!" என்று கேட்டாய். கான்வென்ட்டில் எங்களுக்குச் சத்தமாகத் தும்மக்கூடாது என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இந்தப் பெண்ணோடு ஒரே கூரையின்கீழ் எப்படி இருப்பது என்று யோசித்தேன். இருந்தோம். உனக்குக் கல்யாணமாகிப் போய், கணவரை இழந்து, குழந்தைகள் இல்லாமல் திரும்பி வந்தாய். பிறகு உன் அண்ணனும் போனார். என் மகன் வேலைக்காகப் புனேவுக்குப் போனான். கடைசியில் ஒரே கூரையின்கீழ் நாம் இரண்டு பேர் மட்டும்தான் மிஞ்சினோம்.

அப்புறம் உன் கண் போயிற்று. நிழல் தெரிகிறது என்று கொஞ்ச காலம் சொன்னாய். பிறகு அதையும் சொல்வதை நிறுத்திவிட்டாய்.

நம் ஹால் அப்போது சுவருக்குச் சுவர் ஒரே சிவப்பு சிமென்ட் தரை. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தால் பீரோ, டி.வி., நாற்காலி என்று இடித்துக்கொள்வாய். நடுவில் வந்தால் திசை தப்பிவிடும். சமையலறைக்குப் புறப்பட்டுத் தெருக்கதவில் போய் நிற்பாய். நான் ஓடிவந்து கையைப் பிடிப்பேன். மீனை உதறுவது போல உதறுவாய்.

ஒருநாள் அப்படி உதறிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டாய்.

"என்ன ஹோம்ல வுட்டுடு அண்ணி. ஒம் புள்ள கைல சொல்லி விசாரிச்சி வெச்சிக்கீறேன். பெரம்பூராண்ட சிஸ்டருங்கோ நடத்துறாங்கோளாம். அட்த்த மாசம் ஒரு எடம் காலியாவுதாம்."

"இங்கே உனக்கு என்ன குறை?"

"குற இன்னா கீது. அங்க எல்லாம் குருடிங்கோ. எவளும் எவ கையயும் புட்சி இஸ்துகினு போவ மாட்டா."

எவ்வளவு நல்ல இல்லமானாலும் நீ அங்கே போவதை நான் விரும்பவில்லை. அதை வாய்விட்டுச் சொல்லும் பழக்கமும் எனக்கில்லை. "அடுத்த மாதம்தானே, அதுவரை பொறு" என்றேன்.

சமையலறை வாசலில் கால் துடைக்கச் சாக்கு போட்டிருப்பேன். நீ வழி தப்பாமல் வந்துவிடுகிற நாட்களில், சாக்கில் கால் பட்டதும் "ஆங், வந்துட்டேன்" என்பாய். அதைக் கேட்டுக்கேட்டுத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. கால் அறிகிறது என்றால், வீடு முழுக்கக் காலுக்கு அடையாளம் வைக்கலாமே. சாக்பீஸை எடுத்துத் தரையில் கோடு போட்டேன். உன் அறை வாசலிலிருந்து சமையலறை வரை, ஒரு கட்டில் அகலத்துக்கு மரம். நடுவில் குளியலறைக்கு ஒரு கிளை. மற்ற இடமெல்லாம் டைல். மரத்தில் நடந்தால் வழியில் இருக்கிறாய். டைல் வந்தால் விலகிவிட்டாய். உன்னை உட்காரவைத்து இதைச் சொன்னேன். நீ எழுந்து நின்று "வா, கடைக்கு போலாம்" என்றாய்.

முதல் கடைக்காரர் பளபளவென்று ஒரு பலகையை எடுத்து வைத்தார். "மேடம், இப்ப எல்லாரும் லேமினேட்தான் போடறாங்க. மரம் மாதிரியே இருக்கும்."

"மாதிரி என்றால்?"

அவர் பதில் சொல்வதற்குள் நீ அதை விரலால் தட்டிப் பார்த்துவிட்டாய். "இன்னா நைனா, பிஸ்கெட்டு பொட்டி கணக்கா கீது."

"மரத்தைப் போட்டோ எடுத்து அட்டைமேல் ஒட்டியிருக்கிறார்கள்" என்று உன்னிடம் சொன்னேன்.

"போட்டோவா? எனக்கு போட்டோ காட்றதுக்கா அண்ணி இம்மாந்தூரம் இட்டுகினு வந்த?"

கடையில் எல்லோரும் சிரித்தார்கள், அவரைத் தவிர.

பெரம்பூரில் பழைய வீடுகளை இடித்தெடுத்த மரம் விற்கிற டிப்போவுக்குப் போனோம். அது நான் யோசித்து எடுத்த முடிவு. கடற்கரைக் காற்றில் புது மரம் மழைக்கு ஊதும், மே மாதத்தில் சுருங்கும், அடுத்த மழைக்குள் முறுக்கிக்கொள்ளும். யாருடைய கூரையிலோ பல காலம் உத்தரமாகக் கிடந்த தேக்கு, முறுக்க வேண்டியதையெல்லாம் அங்கேயே முறுக்கி முடித்திருக்கும். ஆணி ஓட்டைகள் இருந்தன. அடைத்துக்கொள்ளலாம். அறுத்துக் காட்டச் சொன்னேன். ரேகை நேராக ஓடுகிறதா, வெடிப்பு உள்ளே போகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஓரத்தில் வெளுத்திருந்த பகுதியைக் கழித்துவிடச் சொன்னேன், பூச்சி முதலில் பிடிப்பது அங்கேதான். கடைக்காரர் எல்லாவற்றையும் "பர்மா தேக்கும்மா" என்றார். ஒரு பலகையை வீட்டுச் சாவியால் சுரண்டினேன். பழுப்புச் சாயம் உரிந்து வந்துவிட்டது, உள்ளே வெள்ளை. "இது பர்மாவைப் பார்த்ததே இல்லை" என்று திருப்பிக் கொடுத்தேன்.

நீ குனிந்து அறுத்த தூளை மோந்துகொண்டிருந்தாய். "அண்ணி, மீனு செவுள தூக்கிப் பாக்கிற மாறியே பாக்கிறியே. எங்கூட ஏலத்துக்கு வந்திருந்தா ஷோக்கா பொயச்சிருப்ப." என் படிப்புக்கும் தையலுக்கும் கிடைத்த எந்தப் பாராட்டையும் நான் இந்த அளவுக்கு நினைவில் வைத்திருக்கவில்லை.

டைல் கடை திருவொற்றியூரில், நெடுஞ்சாலையிலேயே. நீ செருப்பைக் கழற்றிவிட்டுக் கீழே பரப்பி வைத்திருந்த டைல்மேல் ஏறி நின்றுகொண்டாய். விற்கிற பையன் பதறி நாற்காலி கொண்டுவந்தான். "பொடவ கடைல பொடவய தொட்டுப் பாக்க வுடுறான்ல, நீயும் வுடு" என்றாய். ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி நின்றாய். "ஜில்லுன்னு கீது." "இது வயிக்குது." அப்புறம் என்னைக் கூப்பிட்டாய். "அண்ணி, நீ செருப்ப போட்டுகினு இதும்மேல நட."

"நான் எதற்கு?"

"நட சொல்றேன்ல."

நடந்தேன். வழுக்குகிறதா என்று என்னை வைத்துப் பார்க்கிறாய் என்று நினைத்தேன். இன்னொன்றின்மேல் நடக்கச் சொன்னாய். நீ தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கடைசியில் வழவழப்பில்லாத ஒரு கெட்டி டைலைச் சொன்னாய். அது நான் மனதில் வைத்திருந்த அதே டைல். தண்ணீரை உறிஞ்சவில்லை, தட்டினால் மணி மாதிரி கேட்டது. எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண் இருக்கிறதா என்று நான் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, "கண்ணு தெர்யாதவளுக்கு கலரு ஒண்ணா இருந்தா இன்னா, வேறயா இருந்தா இன்னா?" என்றாய்.

"எனக்குத் தெரியும்" என்றேன்.

"அதானே. வூடு ஒன்னோட கண்ணுக்குத்தானே." கடுமையாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாய்.

தரை போடுகிறபோதுதான் தொல்லை. ராயபுரத்து மண் உனக்குத் தெரியாததா, ஒரு அடி தோண்டினால் உப்பு ஈரம். மரத்தை நேரே தரையில் ஒட்டினால் கீழிருந்து ஊறிவிடும். அதனால் அடியில் பிளாஸ்டிக் ஷீட் விரித்து, சட்டங்கள் அடித்து, காற்றுப் போக இடைவெளி விட்டு, அதன்மேல் பலகையைப் பொருத்தினோம். டைல் பக்கத்தைச் சிமென்டால் அதே மட்டத்துக்கு உயர்த்த வேண்டியிருந்தது. மரமும் டைலும் சேருகிற இடத்தில் ஒரு நூல் தூக்கினாலும் பிரித்துப் போடவைத்தேன். உன் கால் தடுக்கக்கூடாது. மேஸ்திரி என்னைப் பற்றி என்னவெல்லாம் சொன்னார் என்று நீ பிறகு எனக்கு நடித்துக் காட்டினாய்.

எல்லாம் முடிந்து நடந்து பார்த்தால், டொக் டொக் என்று சத்தம். பெட்டிக்குள் நடப்பது போல. எனக்கு அது பெரிய குறையாகப் பட்டது. இத்தனை பார்த்துப் பார்த்து வாங்கிய மரம் இப்படியா பேசும்? பலகையைக் கழற்றி இடைவெளியில் எதையாவது நிரப்பச் சொன்னேன். மேஸ்திரி மணல் நிரப்பலாம் என்றார். உன் அறையிலிருந்து ஏலக்குரல் வந்தது.

"எவனாச்சும் அதுக்குள்ள மண்ண கொட்னீங்கோ, கைய ஒட்ச்சிடுவேன்!"

"சத்தம் போடுகிறதே" என்றேன்.

"போடட்டுமே. நீ பேசுறதே அளந்து அளந்து பேசுற. அதாச்சும் பேசட்டும்."

விட்டுவிட்டேன். மறுநாள் காலை நீ தனியாக எழுந்து வந்தாய். சமையலறை வாசலில் நின்று, "இன்னா, இன்னும் காபி போடலியா?" என்றாய். நான் திரும்பி அடுப்பைப் பார்த்துக்கொண்டேன். என் முகத்தை நீ பார்க்க முடியாது என்பதே எனக்கு மறந்துவிட்டது. காபியைக் குடித்துவிட்டு, "அந்த ஹோம்ல வேற எவளுக்காச்சும் எடத்த குட்துட சொல்லு" என்றாய்.

அதற்குப் பிறகு உன்னை யாரும் கையைப் பிடித்து நடத்தவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள், "இன்னாம்மா, ஹால்ல பிளாட்பாரம் போட்டுக்கீறீங்கோ?" நீ உட்கார்ந்த இடத்திலிருந்தே, "ஆமா, ரயிலு வர்ற நேரம், தள்ளி நில்லு" என்பாய். என் மூட்டுவலிக்கு நல்லது என்று கெட்டி அடி வைத்த செருப்பு ஒன்றை வாங்கிவரச் சொல்லி, வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொள்ளச் சொன்னாய். வீட்டுக்குள் செருப்பா என்று ஒரு வாரம் சண்டை. கடைசியில் போட்டுக்கொண்டேன்.

அப்புறம் அந்தக் கண்ணாடி டம்ளர். கழுவும்போது உடைந்தது. பெருக்கியும் ஒரு துண்டு எங்கேயோ தங்கிவிட்டது. நீ சமையலறைக்கு வந்து போன பிறகு ஹாலுக்கு வந்தேன். மரத்தின்மேல் சிவப்பாக அடி அடியாகப் பதிந்திருந்தது. சமையலறையிலிருந்து உன் அறை வரை, நேராக. டைலில் ஒரு சொட்டுகூட இல்லை. நீ கட்டிலில் உட்கார்ந்து ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தாய்.

"காலில் ரத்தம்" என்றேன்.

"யாரு கால்ல?" என்றாய்.

டாக்டர் சின்னப் பெண். உன் பாதத்தில் மெல்லிய நைலான் இழை ஒன்றை வைத்து அழுத்தி அழுத்தி, "தெரியுதாம்மா?" என்று கேட்டாள். நீ, "எங்க வெச்சிக்கீறன்னு சொல்லு, அப்பால தெர்தா இல்லியான்னு சொல்றேன்" என்றாய். வெளியே வந்து என்னிடம் சொன்னாள். "ரெண்டு கால்லயும் உணர்ச்சி இல்ல. இது இப்ப வந்ததில்ல, பல வருஷமா இருந்திருக்கும். வீட்டுக்குள்ள எப்படி நடக்கறாங்க?"

"தரை போட்டிருக்கிறோம்" என்றேன். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும்தான்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் கேட்டேன், எப்போதிலிருந்து என்று. "இன்னா அண்ணி, ஆட்டோல குந்தவெச்சி வெசாரணையா?" என்றாய். கொஞ்சம் தள்ளி மீன் வாசனை வந்ததும், "வஞ்சரம் எறங்கிக்கீது பாரு. நாளைக்கு கொயம்பு வெய்யி" என்றாய். குழம்பு வைத்தேன். அப்புறம் சிறுநீரகம் கெட்டது, நீ படுத்துவிட்டாய். படுத்திருக்கிறவளைக் குறுக்கு விசாரணை செய்கிற பழக்கம் எனக்கில்லை. கேட்காமலே இருந்துவிட்டேன்.

நீ காலமான பிறகு நானே சோதித்துப் பார்த்தேன். கண்ணைக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு நடந்தேன். கால் தெளிவாகச் சொன்னது, மரம், டைல், மரம் என்று. அடுத்து மகன் விட்டுப்போன கனத்த காலுறைகளை, ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு நடந்தேன். காலுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் காது சொன்னது. மரத்தில் ஒரு சத்தம், டைலில் ஒரு சத்தம், தப்பவே இல்லை. ஆக இரண்டு விதத்திலும் முடியும். மணல் நிரப்பவிடாமல் தடுத்ததையும் எனக்குச் செருப்பு மாட்டிவிட்டதையும் நினைத்தால் காது என்று தோன்றுகிறது. ஆனால் துறைமுகத்து லாரிகளின் தூசி படிந்த நாட்களில், "கால்ல மண்ணு ஒட்டுது, பெருக்கலியா?" என்று கேட்பாயே. அது எப்படித் தெரிந்தது? நடக்கும்போது நறநறத்ததா, நிஜமாகவே பாதத்தில் ஒட்டியதா?

தேவிக்கு இது வெறும் பேச்சு இல்லை. கால்தான் என்றால் எந்த நல்ல மரமும் போதும். காது என்றால் அடியில் காலி இடம் விட்டுச் சட்டத்தின்மேல்தான் போட வேண்டும். அவள் வீட்டில் விடிந்தது முதல் டி.வி. கத்துகிறது, அதையும் நிறுத்தச் சொல்ல வேண்டும். இப்போதைக்கு, மாமியாரின் பாதத்தை முதலில் டாக்டரிடம் காட்டு என்று சொல்லியனுப்பினேன். அந்த ஒன்று மட்டும்தான் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

எனக்குமே தெரிய வேண்டும். உணர்ச்சி போன காலோடுதான் அன்று திருவொற்றியூர்க் கடையில் வெறுங்காலாக அவ்வளவு நேரம் நின்று, தெரிவதாக நடித்து, என் நடையின் சத்தத்தை வைத்து டைல் எடுத்தாய் என்றால், இந்த வீட்டில் இருக்க உனக்கும் ஆசை இருந்தது என்று ஆகிறது. அதை நீ ஒருநாளும் சொன்னதில்லை. நானும் உன்னிடம் இரு என்று சொன்னதில்லை. மரமும் டைலும் வாங்கினேன், அவ்வளவுதான். செருப்பை இன்னும் வீட்டுக்குள் போட்டுக்கொள்கிறேன். உன் அறை வாசலைத் தாண்டும்போது என் நடை கொஞ்சம் அழுத்தமாகிறது. மாற்றிக்கொள்ள முயலவில்லை.

"அத்தம்மா கனவுல வந்து சொல்லுவாங்கோ பாருங்கோ" என்கிறாள் தேவி. கனவில் வராதே. கனவில் வருகிறவர்கள் நாம் கேட்க ஆசைப்படுவதைத்தான் சொல்கிறார்கள். அது என் பதிலாக இருக்கும், எனக்கு உன் பதில் வேண்டும். மூன்றாம் வகுப்பு வரை படித்தவள், எழுத்து வரும் உனக்கு. வரி கோணினாலும் பரவாயில்லை. காலா, காதா, எப்போதிலிருந்து என்று மட்டும் சொல். ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதி அனுப்பு.